கூடைக்குள் போன், கேட்டில் வாழைக்காய்

போன வாரம் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். போட்ட பாவத்துக்கு நாள் முழுக்க உட்கார வேண்டியதாயிற்று.

மில்லர்புரத்தில் ஒரு க்ளியரிங் ஏஜென்சி. சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போட்டு, துறைமுகத்துக்குள் அனுப்பிக் கப்பலேற்றும் வேலை. முதலாளி அண்ணாச்சி எனக்குப் பழக்கம். 'மாற்றத்தை வழிநடத்துவோம்' என்று ஹோட்டலில் ட்ரெய்னிங் வைத்து, என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார். ஆபீஸைப் பூட்டிவிட்டு ஒன்பது பேரையும் கூட்டி வந்துவிட்டார். ஒருத்தரையாவது விட்டுவர வேண்டாமா? கேட்டால்... லீடர்ஷிப்!

சென்னையிலிருந்து வந்த ட்ரெய்னர், இந்த வெயிலில் கோட் போட்டிருந்தார். முதல் வேலையாக எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார். கவனம் சிதறக் கூடாதாம். நானும் கொடுத்தேன் – மானங்கெட்டவன்.

பிறகு ஆளுக்கொரு பலூன். மனசில் இருக்கும் பயத்தை அதில் எழுதி உடைக்க வேண்டும். அண்ணாச்சி 'தோல்வி' என்று எழுதி, ஏறி மிதித்தார். கைதட்டல்! பேப்பர் வேலை பார்க்கும் சண்முகக்கனி எழுதியது: 'மூணு மணிக்கு கேட் மூடிருவான்.'

"பாருங்க, இதுதான் பழைய மைண்ட்செட்" என்று சிரித்தார் ட்ரெய்னர்.

என்ன மைண்ட்செட்? ஆத்தூர் வியாபாரி ஒருவர் முதல்முறையாகத் துபாய்க்கு வாழைக்காய் அனுப்புகிறார். கண்டெய்னர் அன்று மூன்று மணிக்குள் துறைமுக கேட்டைத் தாண்டி உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் அடுத்த வாரம். அதுவரை துபாய்க்காரன் காத்திருப்பானா? வேறு ஆளைப் பிடித்துவிடுவான்.

ஒன்றரை மணிக்கு லாரி டிரைவர் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டார். யாரிடமோ பைக் இரவல் வாங்கி வந்திருக்கிறார். வேர்த்து வழிகிறது.

"ஏன் அண்ணாச்சி, ஒருத்தர்கூட போன எடுக்க மாட்டியளா? பேப்பர்ல கண்டெய்னர் பூட்டோட சீல் நம்பர் தப்பா இருக்காம். கேட்ல உள்ள விட மாட்டேங்கான்!"

அண்ணாச்சி டிரைவரைப் பார்க்கவில்லை. ட்ரெய்னரைப் பார்த்தார்.

"சார், இதுதான் டெஸ்ட். நல்ல லீடர் பதற மாட்டார். எக்சர்சைஸை முடிப்போம்" என்றார் ட்ரெய்னர்.

முப்பது வருஷம் லாரிக்குப் பின்னால் ஓடிய மனுஷன்... உட்கார்ந்தார்!

கனி எழுந்தாள்.

"ஏளா கனி, உக்காரு. பத்து நிமிஷந்தான்."

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி. ஆபீஸ் சாவிய மட்டும் தாங்க."

கூடையைக் கவிழ்த்துத் தன் போனை எடுத்தாள். டிரைவரின் பைக்கில் ஏறிப் போனாள். ஆபீஸைத் திறந்து, நம்பரைத் திருத்தி, கஸ்டம்ஸில் நின்று மல்லுக்கட்டி... மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கண்டெய்னர் உள்ளே போனது.

கம்ப்யூட்டரில் பேப்பர் போடுவதை அந்த ஆபீஸில் முதலில் கற்றுக்கொண்டவளே கனிதான். அவளுக்கு மாற்றம் பற்றி வகுப்பு! நம் முதலாளிகளுக்கு மாற்றம் என்றால் வெளியூரிலிருந்து கோட் போட்டு வர வேண்டும். பக்கத்து மேஜையிலிருந்து சுடிதார் போட்டு வந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சாயங்காலம் எல்லோருக்கும் 'மாற்றத்தின் தலைவர்' சர்டிபிகேட். பாதி நேரம் தூங்கிய எனக்கும் ஒன்று. கனிக்குக் கிடையாது. முழு நேரம் இருக்கவில்லையாம்!

மறுநாள் அவளைப் பார்த்து வருத்தப்பட்டேன்.

"சர்டிபிகேட் கிடக்கட்டும் சார். அடுத்த ட்ரெய்னிங் என்னைக்குன்னு மட்டும் அண்ணாச்சிய முன்னாலயே சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு ஆபீஸ்ல வேலை பார்க்க ஒரு ஆள் வேணும்லா?"