ரூபிஸ்கோ டீச்சர்

பாட்டனி டீச்சரின் வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பீரியடில் பிள்ளைகளின் தூக்கத்தோடு போட்டி போடுவது. பிளஸ் டூவில் பாட்டனி படித்து அவதிப்பட்டவர்களுக்கும், என்னைப் போல அதை நடத்தி அவதிப்பட்டவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்துவிட்டால் மணி அடித்தது கூட எனக்குக் காதில் விழாது. அதற்காகப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் மேலே இருப்பது.

நிரந்தர வேலை

இலையின் பசுங்கணிகத்துக்குள் ரூபிஸ்கோ என்று ஒரு நொதி இருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, சர்க்கரை தயாரிக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது அதுதான். ஆனால் மகா மந்தம். சில நொதிகள் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைத் தள்ளிவிடும். இது இரண்டு மூன்றோடு நின்றுவிடும். அதிலும் ஆள் மாறாட்டம் வேறு. கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தப்பைச் சரிசெய்யத் தனியாக ஒரு வேலை நடக்கும்.

"இவ்வளவு மெதுவாக இருப்பதால், இலை என்ன செய்கிறது? இந்த நொதியையே ஏராளமாகச் செய்து வைத்துக்கொள்கிறது" என்றேன். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்ததாக நான் நினைத்த கீதா எழுந்து நின்றாள். "மெதுவா செய்யும், தப்பா செய்யும், ஆனா வேலையை விட்டு எடுக்க முடியாது, மேல மேல ஆள் போட்டுக்கிட்டே இருப்பாங்க. இது கவர்ன்மென்ட் ஆபீஸ்தானே மிஸ்?"

இரண்டு பக்கமும் நீலம்

பிராக்டிகல் பரீட்சைக்கு அரை இலைச் சோதனை வைத்திருந்தேன். இலையின் ஒரு பாதி பாட்டிலுக்குள், மறு பாதி வெளியே. பாட்டிலில் இருக்கும் காரக் கரைசல் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். நொதிக்கு மூலப்பொருள் கிடையாது, அந்தப் பாதியில் மாவுச்சத்தும் உண்டாகாது. அயோடின் ஊற்றினால் வெளிப் பாதி மட்டும் நீலமாக வேண்டும்.

ஊரப்பாக்கத்திலிருந்து வரும் அமுதா அயோடின் ஊற்றினாள். முழு இலையும் நீலமாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சை அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அமுதாவைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. "சார், இலை பொய் சொல்லாது. பாட்டில்ல காரம் இருக்கான்னு பாருங்க" என்றாள். அவர் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார். தாள் சிவப்பாகவே இருந்தது. லேப் அட்டெண்டர் சாமுவேல் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பழைய தண்ணியாட்டம் இருந்துச்சும்மா. கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி, கார்க்கைச் செருகி வெச்சேன்" என்றார்.

அதிகாரி அமுதாவுக்கு முழு மார்க் போட்டார். அதற்குள் சாமுவேல் அண்ணன் டம்ளரோடு வந்து நிற்க, அதிகாரி அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "மார்க் போடறதுல எனக்குப் பயமில்ல மேடம். இவர் கொண்டு வந்திருக்கிற காபியைக் குடிக்கத்தான் பயமா இருக்கு."

அமுதாவின் அப்பா

ரிசல்ட் வந்த வாரம் அமுதாவின் அப்பா அவளை அழைத்துக்கொண்டு வந்தார். நெல் போட்டிருந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றவர். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, மேலே படிக்க வைப்பதாக இல்லை. "வூட்ல சோறு துண்ற நேரத்துலகூட நொதி நொதின்னுகினு கீது டீச்சர். அப்படி இன்னாதான் அது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அமுதா ஆரம்பித்துவிட்டாள். நெல்மணியின் எடையில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்ததில்லை, காற்றிலிருந்து வந்தது என்றாள். "எரு கொட்னது நானு, தண்ணி பாய்ச்சினது நானு. காத்து எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அவர் மடக்கினார். அவள் விடவில்லை. என் மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்து, என்னைக் கேட்காமலே, காற்று சர்க்கரையாக மாறும் சுழற்சியைப் போர்டில் வரைந்தாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிமிர்ந்துவிட்டது.

அவர் போர்டைப் பார்க்கவே இல்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே புரியல டீச்சர். ஆனா இது எங்கிட்ட நிமிந்து நின்னு இத்தினி பேசி நான் பார்த்ததே இல்ல. மாப்பிள்ள வூட்டுக்கு நான் சொல்லிக்கிறேன், எந்தக் காலேஜுன்னு நீங்க சொல்லுங்க."

பொங்கல் கூட்டம்

கரும்பு கெட்டிக்காரப் பயிர். வேறொரு நொதியை வைத்து முதலில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, அதைச் சேர்த்து வைத்து ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கும். அதனால் ஆள் மாறாட்டம் குறைவு. இதற்கு சி ஃபோர் தாவரம் என்று பெயர்.

பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் பஸ் ஏறினேன். கால் வைக்க இடமில்லை. முன்வாசலில் கரும்புக் கட்டோடு தொங்கிக்கொண்டிருந்த பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "மிஸ்! சி ஃபோர்! சி ஃபோர்!" என்று கரும்பை ஆட்டிக்கொண்டு கத்தினாள். நான் பெருமையாகக் கையசைத்தேன். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, ரிசர்வேஷன் வண்டியா இது? சி ஃபோரும் இல்ல, டி ஃபோரும் இல்ல, எடம் கீற எடத்துல நில்லு!"

என் பாதி ஆயுளுக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்த அந்த நொதியை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதுவும் என்னைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.