செல்லன் பாட்டில் பதினைந்து கண்ணி எங்கே?

போன ஞாயிறு பாறசாலையில், எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டக் கூட்டத்தில், மேடையேறிச் சத்தம் போட்டது நான்தான். தமிழர் கூட்டத்தில் தமிழனே கலாட்டா செய்யலாமா என்று நாலு பேர் வீடு தேடி வந்து கேட்டுவிட்டார்கள்.

செய்யலாம். ஏன் என்று சொல்கிறேன்...

செல்லன் காரக்கோணத்துக்காரன். மரச்சீனிக் கிழங்கு பயிர் போடுகிறவன். யுத்த காலத்தில் அவனும் நானும் அசாமில் ஒரே பட்டாளம். நான் சமையலுக்கு, அவன் மண்வெட்டிக்கு. அங்கே வந்த பருப்பைப் பற்றி ஒரு வாரம் முழுக்கத் திட்டலாம் — இருக்கட்டும்.

அவனுக்கு என்ன வேலை தெரியுமா? விமானம் இறங்கும் மைதானத்தில் குழி மூடுவது. இன்று மூடுவார்கள். மழை வந்து திறந்துவிடும். நாளைக்கு மறுபடி மூடுவார்கள். மூன்று வருஷம்! அதில் ஒரு விமானம்... ஒன்றே ஒன்று... இறங்கியிருந்தால் நான் ஏன் இப்படிக் கத்தப் போகிறேன்?

ஊர் திரும்பியவன் பட்டாளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெண்டாட்டி தங்கம் கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பான். இந்தக் கூட்டத்துக்காகப் பட்டாளம் போனவர்களிடம் பாட்டுக் கேட்டபோது, என்ன தோன்றியதோ, பதினாறு கண்ணி எழுதினான்.

"அவளுக்கு நேர சொல்ல வரல்ல அண்ணே. பாட்டாட்டு கேக்கட்டும்" என்றான் என்னிடம்.

தமிழ்ப் பாட்டு. ஆனால் மலையாள எழுத்து. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்தது அதுதானே! அந்த எழுத்துக்கூட எனக்கு இல்லை; இதையும் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். கூட்டக்காரர்கள் காகிதத்தை ஒரு வாத்தியாரிடம் கொடுத்துத் தமிழில் மாற்றச் சொன்னார்கள்.

ஞாயிறன்று செல்லன் தேய்த்த சட்டை போட்டு, தங்கத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். வாத்தியார் படித்தார்:

விசில் அடிச்சான், எழும்பினேன்
மண்ணு வெட்டிக் குழி மூடினேன்
மழை பெஞ்சு குழி தொறந்து
விசில் அடிச்சான், எழும்பினேன்.

கைதட்டல். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

"இம்புட்டுதானா?" என்றாள் தங்கம். செல்லன் தலை குனிந்துவிட்டான். நான் மேடைக்கு ஏறினேன்.

"சாரே, பாக்கி எங்க?"

"பாக்கியா? அதே நாலு வரியில்லா திரும்பத் திரும்பக் கெடக்கு? ஆளு எழுத்துப் பழகியிருக்காருன்னு நெனச்சேன்."

"எழுத்துப் பழகினதா? மூணு வருசம் மண்ணு கோரினதாக்கும் வோய் அது!"

"கேக்கியவனுக்குச் சடைக்கும் அண்ணாச்சி. பட்டாளப் பாட்டுன்னா ஒரு வீரம் வேண்டாமா? நாலு பிள்ளைய ஆவேசமா எறங்கண்டாமா?"

எனக்கு வந்த கோபத்தை இங்கே அச்சிட முடியாது. ஊரில் பட்டாளப் பாட்டு எழுதுகிறவனெல்லாம் குண்டையும் ரத்தத்தையும் பாடுகிறான். குண்டு வராத ஆயிரம் நாளை எவன் பாடினான்? ஒருவன் பாடினான். சலிப்பைச் சொன்ன பாட்டு சலிக்கிறதாம், வெட்டிவிட்டார்கள்!

"எலே செல்லா, வாடே! நீயே சொல்லு."

வந்தான். கையில் காகிதம் இல்லை. அதே நாலு வரி... மறுபடி அதே நாலு வரி. மூன்றாவதில் சிரித்தார்கள். ஆறாவதில் இருமினார்கள். ஒன்பதாவதில் சிலர் சாயா குடிக்க எழுந்தார்கள். பதினொன்றாவதில் ஒருத்தன் பின்னாலிருந்து கத்தினான்:

"அண்ணே, இது எப்பம் தீரும்?"

"அதையாக்கும் மக்கா நாங்களும் கேட்டோம்" என்றான் செல்லன்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சாயாவுக்குப் போனவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பதினாறாவது வந்தது:

ஊரு வந்தேன், பாய் விரிச்சேன்
மண்ணு இல்ல, குழியும் இல்ல
மழை பெஞ்சு ஓஞ்ச பொறவு
விசில் அடிக்கல்ல... எழும்பினேன்.

தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "அதுக்காக்கும் இவரு விடியதுக்கு முன்ன எழும்பி முற்றத்துல போய் நிக்கியது. ஒம்பது வருசமாட்டு நான் பைத்தியம்னு ஏசினேனே..."

வாத்தியார் அந்தக் கண்ணியைப் படித்துப் பார்த்துவிட்டு வெட்டவில்லை, ஐயா... படிக்காமலே வெட்டினார்!