கத்தினால் யாரும் வராதீங்க!

மூன்று வருடத்துக்கு முந்தி, இலங்கையில் யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கால் கூசும்.

நான் பசாரில் ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்கிறேன். மனைவி தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறாள். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டிய துண்டு நிலத்தில் அவள் மரவள்ளி போட்டிருந்தாள். கிழங்கு முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து கிண்டிவிட்டுப் போய்விடும். தகரத்தை வைத்து அடைத்தோம், பழைய சேலையைக் கட்டினோம், அதுகள் ஒன்றுக்கும் அசரவில்லை. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் போனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. வெளிநாட்டு வேட்டைக்காரர் ஒருவர் ஏணியே இல்லாமல் மரம் ஏறுகிறார்! மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இரண்டு இரும்புச் சட்டங்கள். மேல் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, காலில் மாட்டிய வாரால் கீழ்ச் சட்டத்தைத் தூக்குகிறார். பிறகு கீழ்ச் சட்டத்தில் எழுந்து நின்று மேல் சட்டத்தைத் தூக்குகிறார். கம்பளிப்பூச்சி ஏறுகிற மாதிரி ஆள் மேலே போய், ராஜா மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். அப்படி மேலே இருந்துகொண்டு, பன்றி வரும்போது கத்திப் பட்டாசு போட்டு விரட்டலாமே என்று எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

கடையில் கிடந்த பைப்பையும் கோண இரும்பையும் மோட்டார் சைக்கிள் செயினையும் வைத்து ஒரே கிழமையில் செய்து முடித்தேன். கோயிலடிப் பலா மரத்தில் நாலடி உயரத்துக்கு ஏறிக் காட்டினேன். லயமே கூடி நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்! தினமும் வேலை விட்டு வந்து அதற்கு எண்ணெய் போடுவேன், நட்டு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பேன், வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன்.

"என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிக் கவனிச்சிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அந்த வீடியோவில் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கால் சட்டம் நழுவினாலும் விழாதபடி இரண்டு சட்டத்தையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்ட வேண்டும். இடுப்பில் பெல்ட் போட்டு மரத்தோடு மாட்டிக்கொள்ள வேண்டும். கயிறு கட்டினேன். பெல்ட் எதற்கு, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று விட்டுவிட்டேன்.

மரம் தேர்ந்தெடுத்ததிலும் கோட்டை விட்டேன். பால் தருகிற மரத்தில் சட்டத்தின் இரும்புப் பல் பட்டால் கங்காணி அவளைத்தான் ஏசுவார் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதனால் நிலத்து ஓரத்தில், பட்டை காய்ந்து பால் நின்றுபோன ஒரு மரத்தைப் பிடித்தேன். காய்ந்த பட்டை பொருக்குப் பொருக்காக உதிரும் என்று தோட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். இருந்த உற்சாகத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற காரியம் ஒன்றையும் செய்தேன். ஏறப் போவதற்கு முன்னால் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வாசல் வாசலாக நின்று அறிவித்தேன்.

"இன்னைக்கு அந்தியில நான் கத்துவேன், கூப்பாடு போடுவேன், யாரும் பயப்படாதீங்க. என்ன கத்தினாலும் சரி, அந்தப் பக்கம் மட்டும் வந்துறாதீங்க. பன்னி மெரண்டு ஆளு மேல பாஞ்சிரும்."

ஐந்து மணி போல ஏறினேன். பட்டாசுப் பையை ஒரு கயிற்றின் நுனியில் கட்டிக் கீழே வைத்துவிட்டு, மறுநுனியைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். இருபது இருபத்தைந்து அடி உயரம். ஆகா, அங்கிருந்து பார்த்தால் ஓடை, லயத்துக் கூரைகள், அந்தப் பக்கத்துச் சிங்கள ஊர், எல்லாம் தெரிகிறது! ஆனால் ஏறுகிற மும்முரத்தில் பைக்கயிறு கை நழுவி, நாலடி கீழே பட்டைப் பிளவில் சிக்கி நின்றது. இறங்கி ஏறச் சோம்பல். இரண்டு சட்டத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சுருக்குப் போட்டுக் கீழே விட்டு அந்த நுனியைப் பிடித்து, பையை இழுத்துக் கால் சட்டத்தில் மாட்டிக்கொண்டேன். திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக.

அதற்குள் புதர் அசைந்தது. முதலில் ஒரு மூக்கு, பிறகு குட்டிகள், பிறகு கோரைப்பல் வளைந்த ஒரு பெரிய தடியன். ஏழு உருப்படி! பட்டாசை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். சடசடவென்று பட்டை உதிர்ந்தது. கால் சட்டம் அப்படியே நழுவி, பையையும் இழுத்துக்கொண்டு தடாலென்று கீழே போய் விழுந்தது. நான் மேல் சட்டத்தில் நெஞ்சடிபட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் அந்தரத்தில் ஆடத் தொங்கினேன். பன்றிகள் ஓடியே போய்விட்டன.

போன் வீட்டில், மகளின் கையில். "காப்பாத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லயத்துப் பக்கமிருந்து விசில் பறந்தது. "ஐயோ, விழப் போறேன்!" என்றேன். தகரத்தை டமடமவென்று தட்டினார்கள். மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "இன்னும் சத்தமா மாமா!" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான் கத்தக் கத்த அங்கே கொண்டாட்டம் கூடிக்கொண்டே போனது. நெஞ்சைத் தாங்கியிருந்த மேல் சட்டமும் மூச்சுவிட்டால் ஒரு விரற்கடை இறங்கியது. கை மரத்துக்கொண்டு வந்தது. செத்தோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கம், ஏறக்குறைய என் உயரத்திலேயே, ஒரு ஆளைப் பார்த்தேன். பதநீருக்காகக் கித்துல் பனையில் ஏறிப் பாளை சீவிக்கொண்டிருந்த சிங்களவர். வழியில் கண்டால் தலையாட்டுவதோடு சரி, பேசிப் பழக்கமில்லை. என் பக்கம் உற்றுப் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். இவரும் போய்விட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் என் மரத்தடியிலேயே குரல் கேட்டது. "மம எனவா! பயவென்ன எப்பா!" நான் வருகிறேன், பயப்படாதே என்கிறார். தொடை வரை நனைந்து, தோளில் கயிற்றோடு நிற்கிறார். காலில் ஒரு கயிற்று வளையத்தைப் போட்டுக்கொண்டு மளமளவென்று ஏறி வந்தார். என் இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டினார். என் காலைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, முழம் முழமாக இறக்கினார். தரையில் கால் பட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் விட்டால்தானே!

எப்படி உங்களுக்குத் தெரிந்தது என்று சிங்களத்தில் கேட்டேன். சத்தம் எனக்கும் விளையாட்டாகத்தான் கேட்டது, திரும்பிப் பார்த்தபோது கால் இரண்டும் காற்றில் தொங்கியது என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். பாதி சீவலில் விட்டு வந்த அந்தப் பாளை அதோடு கெட்டுப்போனது என்று பிறகு வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் மனைவி தகரமும் கம்புமாக வாசலில் நிற்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு பன்னி கூட இனி இந்தப் பக்கம் வராதுங்க!" என்றாள். என் நெஞ்சில் இருந்த சிராய்ப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நடந்ததைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கேட்டுச்சுங்க. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது நல்லாவே கேட்டுச்சு. நான் தகரத்தத் தட்டிக்கிட்டு நின்னேனே."

வராதீங்க என்று வாசல் வாசலாகச் சொன்னவன் நான் அல்லவா! அவள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்தச் சட்டங்களை அடுத்த நாளே வெட்டிப்போட்டேன். இப்போதெல்லாம் எங்கே யார் கத்தினாலும், விளையாட்டுதான் என்று பக்கத்தில் இருப்பவர்கள் எவ்வளவு சொன்னாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறுகிறது. பல தடவை அசடு வழிந்து திரும்பியிருக்கிறேன், அதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.