பற்றறியைத் திருப்பி வைத்த கிழமை

எங்கள் காருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அப்பா ஓடித் திரிந்த கார். வெயிலில் ஓடிச் சூடான பிறகு எஞ்சினை நிறுத்தினால் திரும்ப எடுக்காது. தீப்பொறி உண்டாக்குகிற ‘பொயின்ற்’ என்ற இரண்டு சின்ன உலோக முனைகள் அடிக்கடி கருகிவிடும். நான் இறங்கி, சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு, அரத்தாளால் அவற்றைத் தேய்த்துவிட வேண்டும். பாடசாலை வீதியில் என்னை அந்தக் கோலத்தில் காணாதவர்கள் குறைவு. படிப்பிப்பது பௌதிகவியல் என்பதால் பிள்ளைகளுக்கு இன்னும் கொண்டாட்டம்.

மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் வேதக் கோயில் குருநகரில், மாப்பிள்ளை வீடு மயிலிட்டியில். கோயிலுக்குள் மகளைக் கைபிடித்துக் கூட்டிப்போவது தகப்பன். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கோயில் வாசல் வரைக்கும், பிறகு மாப்பிள்ளை வீடு வரைக்கும், என் காரில் நானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவேன் என்று சொல்லிவிட்டேன். மகளின் ஆசையும் அதுதான்.

“காலமை போறது சரி,” என்றார் என் மனுசன். “பூசை முடிஞ்சு மத்தியானம் ஸ்ராட் வராட்டில்? மாப்பிள்ளை பொம்பிளையை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு, சனத்துக்கு நடுவிலை அரத்தாளோடை நிப்பீரோ?”

ஒரு ஏசி வான் வண்டியையும் ஒழுங்கு பண்ணிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

கனடாவிலிருக்கும் தம்பியிடம் சொன்னேன். பொயின்றுக்குப் பதிலாகப் பூட்டுகிற இலத்திரனியல் கருவி ஒன்றை அனுப்பினான். தேயாது, கருகாது. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி. எங்கள் கார் போன்ற பழைய சீமைக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதற்கென்றே கேட்டு வாங்கியிருந்தான். முனை மாறினால் அந்த நொடியே எரிந்துவிடும். கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. இன்னொன்று எடுப்பிக்க நேரமில்லை.

பூட்ட வந்தவர் எங்கள் மெக்கானிக் நானா. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தோடு சனமாக வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே கராஜ் போட்டவர். பற்றறியின் தலையில் கிரீஸ் அப்பிக் கிடந்தது. குறி தெரியவில்லை.

“உடம்போடை இருக்கிறது சிவப்பு வயர். அப்ப நேர்முனைதான். கரண்டைக் குடுப்பம், ரீச்சர்,” என்றார்.

“பொறுங்கோ நானா. ஒருக்கா மீற்றர் வைச்சுப் பாப்பம்.”

மீற்றர் ஊசி மற்றப் பக்கம் சாய்ந்தது. காரின் உடம்பில் இருந்தது எதிர்முனை.

கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. யுத்தத்தின்போது, கரண்டும் பெற்றோலும் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் காரின் பற்றறி வீட்டுக்குள்தான் இருந்தது. ரேடியோவில் செய்தி கேட்க அதுதான் கரண்ட். மண்ணெண்ணெயில் காரை ஓட்டவேண்டிய நாட்களில் மட்டும் தூக்கிக்கொண்டுபோய்ப் பூட்டுவார் அப்பா. அப்படி ஒருநாள் மாறிப் பூட்டி, கைக்கு அகப்பட்ட வயரை முறுக்கிவிட்டிருக்கிறார். கார் ஓடியது, ஒருவரும் கவனிக்கவில்லை; பிறகு மாற்றிய பற்றறிகளும் அதே பக்கம்தான் பூட்டுப்பட்டன. முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சிவப்பு வயர் எங்களை ஏமாற்றியிருக்கிறது.

“அல்லாவே! குடுத்திருந்தால் சாம்பல்தான்,” என்றார் நானா. “இப்ப என்ன செய்யிறது?”

“கட்டியை மாத்த ஏலாது. காரை மாத்துவம்.”

பற்றறியைத் திருப்பி வைத்தோம். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலின் வயர்களை இடம் மாற்றினோம். பற்றறியை சார்ஜ் பண்ணுகிற டைனமோவுக்கும் புதுத் திசையைப் பழக்க வேண்டும். அதற்கு ஒரு வயரால் பற்றறியிலிருந்து ஒரு கணம் தொட்டால் போதும். தொட்டேன். நீலப் பொறி பறந்தது. கட்டியைப் பூட்டி, திறப்பைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினால், எஞ்சின் சொல்வழி கேட்கிற பிள்ளை மாதிரி உடனே எடுத்தது. நானா சிரித்த சிரிப்பில் வெற்றிலைக் காவிப் பல் அத்தனையும் தெரிந்தது.

ஆனாலும் சோதனை கலியாணத்தன்றுதான். பூசை முடிய உச்சி வெயில். கார் கோயில் முற்றத்தில் கொதித்துக்கொண்டு நின்றது. பின்னால் வான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தயாராக நின்றது. மகளும் மாப்பிள்ளையும் என் காரில் ஏறினார்கள். முற்றத்துச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. திறப்பைப் போட்டேன்.

திருப்பினேன். முதல் இழுவையிலேயே எடுத்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். குருவானவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மனுசன் வானிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார்.

“இடம் இருக்கோ?”

“முன்னாலை இருக்கு. வாய் திறக்காமல் வாறதெண்டால் ஏறுங்கோ.”

ஏறினார். மயிலிட்டிக் கடல் தெரிகிற இடத்தில் வீதியோரமாக எடுத்து, வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தினேன்.

“ஐயோ, என்னப்பா செய்யிறீர்!” என்று பதறினார்.

திறப்பைத் திருப்பினேன். எடுத்தது. அவர் முகத்தைப் பார்த்து மாப்பிள்ளையே சிரித்துவிட்டான்.

“இன்னொருக்கா, அம்மா,” என்றாள் மகள் பின்னாலிருந்து. கை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. நான் இன்னொருக்கா நிறுத்தினேன்.