முன்னால் போன பெட்டி

கம்பத்தில் என் மச்சான் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பச்சை வண்ணம் பூசிய சின்ன இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடியில், விமான நிலையத்தில் ஒட்டிவிட்ட நீளமான வெள்ளைச் சீட்டு இன்னும் வளையமாகத் தொங்குகிறது. எழுத்துகள் வெளிறிப்போய்விட்டன, கறுப்புக் கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. ஒரு பயணம் முடிந்ததும் பழைய சீட்டைக் கிழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை பெட்டி நம்மை விட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கப் போய்விடும் என்பது நடைமுறை. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நடைமுறை என்று நான் வாயெடுத்தாலே வீட்டில் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிடும். ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் கை துறுதுறுக்கிறது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திராட்சைத் தோட்டக்காரர். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். பந்தியில் தன்னைப் பிந்திக் கூப்பிட்டார்கள் என்று இலையில் சோறு விழுவதற்கு முன் எழுந்து போயிருக்கிறார். கெங்குவார்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனவர், வாசலில் நின்றவர்களில் ஒருவர் ‘வாங்க’ என்று சொல்லவில்லை என்பதற்காகச் செருப்பைக் கழற்றாமலே திரும்பியிருக்கிறார். அவர் பாதியில் திரும்பிவந்த ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரு பேருந்து விட்டால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் சுற்றிவந்துவிடலாம். அப்படிப்பட்டவரைக் கம்பத்திலிருந்து கவுகாத்தி வரைக்கும் அழைத்துப் போகும் பொறுப்பு ஒருமுறை எனக்கு வந்தது.

என் மகள் தன்னோடு வேலை பார்த்த அசாம்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவானது. மச்சானின் மகனுக்கு அவள் முறைப்பெண். அந்த முறையை அவளும் நினைக்கவில்லை, அவர் மகனும் நினைக்கவில்லை. அவன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். நினைத்துக்கொண்டே இருந்தவர் மச்சான் ஒருவர்தான். பல மாதங்கள் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. கல்யாணம் மாப்பிள்ளையின் ஊரில் என்றதும், ‘அம்புட்டுத் தூரம் எவன் போவான்’ என்று சொல்லியனுப்பினார். எங்கள் குடும்பங்களில் தாய்மாமன் எடுத்த சேலையைக் கட்டி, அவர் கையால் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் பெண் மணவறைக்குப் போவாள். மகள் போனில் என்னிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: “மாமா வராம நான் மணவறையில உக்காரமாட்டேன்ப்பா.” பிடிவாதத்தில் அவள் மாமனைக் கொண்டு பிறந்தவள். மனைவி முன்னதாகவே கவுகாத்திக்குப் போய்விட்டாள். நான் மட்டும் தேனியில் இருந்துகொண்டு கம்பத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் புறப்படுவதாக இருந்தால் வருகிறேன் என்று இறங்கிவந்தார். ஏன் முந்தின நாள் என்று கேட்கக்கூடிய நிலையில் நான் இல்லை.

மதுரையிலிருந்து சென்னை, சென்னையில் விமானம் மாறிக் கவுகாத்தி. இரண்டையும் ஒரே டிக்கெட்டாகத்தான் எடுத்தேன். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் பிந்தியதற்கு இரண்டாவது விமானத்துக்காரன் பொறுப்பேற்கமாட்டான். இடையில் இருந்த நேரம் கொஞ்சம்தான் என்பதால் மச்சானிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: “பெட்டி எதையும் உள்ள போடக் கூடாது மச்சான். எல்லாம் கையிலயே இருக்கணும். மாறுற எடத்துல நாம ஓடிருவோம், பெட்டி ஓடாது.” அவரும் தலையை ஆட்டினார். மதுரை விமான நிலையத்தில் நான் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள், சேலையும் சீர்த்தட்டும் இருந்த பச்சைப் பெட்டியைச் சரக்கோடு ஏற்றிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு நின்றார்.

“என்ன மச்சான் இது?”

“பாரமா இருந்துச்சு மாப்ள. அங்கன குடுத்துட்டேன்.”

திராட்சைக் கூடையைத் தலையில் வைத்து மேடேறுகிற மனிதருக்குச் சேலைப்பெட்டி பாரமாம். அதை வாய்விட்டுச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

அதற்குப் பிறகுதான், சென்னையிலிருந்து வரவேண்டிய விமானமே இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை என்று அறிவித்தார்கள். மணிக்கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இறங்கி ஓடினால் பிடிக்கலாம். இன்னும் கொஞ்சம் பிந்தினால் முடியாது. இந்த மாதிரி நேரத்தில் கூட்டம் போட்டுச் சத்தம் போடுகிறவர்களோடு சேர்வதால் பயனில்லை. நான் நேராகக் கவுண்டருக்குப் போனேன். பெங்களூர் வழியாக இடம் உண்டா என்று கேட்டேன், இல்லை. கொல்கத்தா வழியாக? நாளை காலைதான். சரி, எங்கள் இருக்கையை முதல் வரிசைகளுக்கு மாற்றுங்கள், இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸை இங்கேயே கொடுங்கள், நாங்கள் வருகிறோம் என்று சென்னைக்குத் தகவல் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் மூன்றையும் செய்தாள். செய்துவிட்டு, நல்ல மனதோடுதான், நான் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னாள்.

“இல்லைன்னா கேன்சல் பண்ணிக்கலாம் சார். லேட் எங்களுது. முழுப் பணமும் வந்துடும். ஐயாவுக்கும் வயசாயிடுச்சு, சிரமப்பட வேண்டாம் பாருங்க.”

மச்சான் என் பின்னாலேயே நின்றிருந்தார். இதைவிட நல்ல சாக்கு அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. யார் மீதும் பழி இல்லை, கோபித்துக்கொண்டு திரும்பினார் என்ற பேச்சு இல்லை, விமானமே வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உதறினார்.

“ஏத்தா, என் பெட்டி எங்கன இருக்கு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“உள்ள போயிடுச்சுங்கய்யா. கேன்சல் பண்ணா எடுத்துக் கொடுத்துடுவோம். கொஞ்சம் நேரமாகும்.”

“வேணாம். கெடக்கட்டும்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே வெறும் தார்த்தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“கையில வச்சிருந்தேன்னா இந்நேரம் எந்திரிச்சுப் போயிருப்பேன் மாப்ள. என்னைய எனக்குத் தெரியாதா? அதான் அத மொதல்ல ஏத்திவிட்டேன். புள்ளைக்கு எடுத்த சேலை முன்னால போயிருச்சுல்ல. இனி நான் போய்த்தான ஆகணும்.”

என்னிடம் இருந்த அத்தனை நடைமுறைகளிலும் இதற்கு ஒரு பிரிவு இல்லை. மனைவி போனில் கூப்பிட்டாள். “எங்கண்ணன் இருக்காகளா, எந்திரிச்சுப் போயிட்டாகளா? அத மட்டும் சொல்லுங்க.” “இருக்காக” என்றேன். தேனியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ‘இருக்காங்க’ என்றே அலுவலகத் தமிழில் பேசிவந்தவன் நான். அன்றைக்கு வாயில் ஊர்ப்பேச்சுதான் வந்தது.

விமானம் வந்தது, கிளம்பியது. ஏறியதும் பணிப்பெண்ணிடம் எங்கள் நிலையைச் சொல்லிவைத்தேன். இறங்கும்போது, விமானம் மாறுகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள் என்று அறிவித்தார்கள். உடனே எல்லாரும் எழுந்து வழியை அடைத்துக்கொண்டார்கள். மச்சான் துண்டைத் தலையில் கட்டினார். “ஏலே தம்பி, கல்யாணத்துக்குப் போறோம். ஒதுங்குனா புண்ணியமாப் போகும்” என்றார். கழுத்தில் தலையணை மாட்டியிருந்த ஒரு கனவான் ஒதுங்கினார். வாசலிலேயே ஒரு பையன், “கவுகாத்தி! கவுகாத்தி!” என்று கூவிக்கொண்டு நின்றான். மச்சானுக்கு ஒரே சந்தோஷம்.

“குமுளி வண்டிக்குக் கூப்பிடுற மாதிரில்ல கூப்பிடுறாக! இதுக்கா மாப்ள காலையிலருந்து மூஞ்சியத் தொங்கப்போட்டிருந்தீக?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். ஓய்வுபெற்ற பிறகு நான் ஓடியது அதுதான் முதல்முறை. கதவை மூடப்போகும் நேரத்தில் உள்ளே போய்ச் சேர்ந்தோம்.

மேலே ஏறியபின் அவர் கேட்டார்: “பெட்டியும் ஏறியிருக்கும்ல?” இவ்வளவு குறுகிய நேரத்தில் பெட்டிகள் பின்தங்குவது சகஜம். வந்து சேராவிட்டால் எந்தக் கவுண்டரில் என்ன புகார் கொடுப்பது என்று நான் ஏற்கெனவே மனதில் எழுதத் தொடங்கியிருந்தேன். “ஏறியிருக்கும் மச்சான்” என்றேன். ஆதாரமில்லாமல் நான் உறுதி சொன்னது என் பணிக்காலத்தில்கூடக் கிடையாது. அவர் நம்பிக்கையோடு தூங்கிப்போனார். நான் நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் கண்விழித்துக்கொண்டு போனேன்.

கவுகாத்தியில் பெட்டிகள் வரும் பட்டை சுழலத் தொடங்கியது. ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே வந்தது பச்சைப் பெட்டி. கடைசியில் ஏற்றியது கதவோரம் இருக்கும், அதனால் முதலில் இறங்கும், வேறொன்றுமில்லை. மச்சான் அதைக் குச்சனூர்ச் சனீஸ்வரன் கணக்கில் எழுதினார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை மகள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மச்சான் மாலையை எடுத்துக் கொடுத்தார். “ஏம் மாமா இம்புட்டு லேட்டு?” என்றாள் அவள். “பிளேனு லேட்டு ஆத்தா, நான் என்ன செய்ய” என்றார். எங்கள் குடும்பத்தில் பல மாதச் சண்டை ஒன்று அந்த ஒரு பதிலோடு முடிந்தது. விமானக் கம்பெனிக்கு நான் மனதில் எழுதிவைத்திருந்த புகாரை அனுப்பவில்லை.

போன வாரம் கம்பத்துக்குப் போயிருந்தேன். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மச்சான் இப்போது மருமகனைத்தான் ‘மாப்ள’ என்று கூப்பிட்டு வம்பிழுக்கிறார். தமிழ் தெரியாத அந்தப் பையன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறான். பேச்சுக்கு நடுவே நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படிக்கு அடியில் குனிந்தேன்.

“அதத் தொடாதீக” என்றார் கூடத்திலிருந்தே.

“பழைய சீட்டு இருக்கக் கூடாது மச்சான். அடுத்த தடவ பெட்டி எங்கயாச்சும் போயிரும்.”

“அது எங்கயும் போகாது. நான் ஒரு எடத்துக்குக் கடைசி வரைக்கும் போயிருக்கேனான்னு யாராச்சும் கேட்டா, காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

நடைமுறைப்படி தவறுதான். கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.