யாரும் நடாத மரம்

கூலாய் டவுனுக்கு வெளியே இருந்த பழைய எஸ்டேட் நிலத்தைக் கிடங்கு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கியது. நிலத்தின் ஓரத்திலிருந்த முனியாண்டி கோயிலை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அது நேற்று முளைத்த கோயில் என்றது கம்பெனி. அங்கே இருந்ததெல்லாம் ஒரு தகரக் கூரை, ஒரு சூலம், பக்கத்தில் வானத்தை மறைக்கும் ஒரு மரம். எஸ்டேட்டை விட்டு டவுனுக்கும் செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டவர்கள் வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மட்டும் வருவார்கள்.

கோயில் தலைவர் ஜெயபாலன் கமலாம்பிகையின் வீடு தேடி வந்தான். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். அவனுடைய மகள் அவளிடம் படித்தவள்.

"அது இலுப்பை மரம், டீச்சர். எங்க பாட்டன் ஊர்லேர்ந்து கப்பல்ல விதை கொண்டாந்து நட்டது. மரத்துக்கு நூறு வயசுன்னா கோயிலுக்கும் நூறு வயசுதானே? நீங்க படிச்சவங்க, எழுதிக் குடுத்தா வக்கீலுக்குப் போதும் லா."

"பார்க்காம எப்படி எழுதறது? வந்து பார்க்கிறேன்."

"உமக்கு ஏன் இந்த வேலை?" என்றார் சிலோன் பேச்சு மாறாத கணவர் குகநாதன், அவன் போனபிறகு. ஓய்வு பெற்றதிலிருந்து யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

அவள் முதலில் போனது தீபாவளி கழிந்த மழையில். கிளை நுனியில் கொத்துக்கொத்தாக இலைகள். இலுப்பையும் அப்படித்தான் இருக்கும். ஓர் இலையை ஒடித்தாள். இலுப்பை என்றால் பால் வரவேண்டும். வரவில்லை. மழையில் கரைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லம் குடை பிடித்தபடி வந்து, "என்ன டீச்சர், சாமி மரத்துக்கு வைத்தியமா?" என்று சிரித்தாள்.

தைப்பூசம் போய் வெயில் ஏறிய மாதத்திலும் ஒடித்துப் பார்த்தாள். அப்போதும் காம்பு உலர்ந்தே இருந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் மங்கிய வெள்ளியாக மின்னியது. இலுப்பைக்கு அப்படி இருக்காது. ஆனாலும் இலையை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்றுதான் மாணவர்களுக்கும் சொல்லியிருந்தாள்.

பிறகு மரம் பூத்தது. ஜெயபாலனே போன் செய்தான். "வாசனை ரோடு வரைக்கும் அடிக்குது டீச்சர். இலுப்பைதானே?"

இலுப்பைப் பூ இலைக்கொத்தின் கீழே தலைகவிழ்ந்து தொங்கும். இங்கே வெளிர்மஞ்சள் கதிர்கள் மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்து நின்றன. மரம் முழுக்கத் தேனீ இரைந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால், "காய் வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

டுரியான் பழக் காலத்தில் பழைய கதிர்களில் காயைத் தாங்கிய பச்சைக் கிண்ணங்கள் உட்கார்ந்திருந்தன. அக்கரைக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்து எல்லாரும் இருமிக்கொண்டிருந்த நாட்களில் கொட்டைகள் உதிர ஆரம்பித்தன. சூலத்தின் அடியில் ஒன்றைக் கண்டெடுத்தாள். பளபளவென்று பழுப்பாக, வளையம் வளையமாக வரியோடிய கிண்ணத்துக்குள் இருந்தது. மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்பார்கள். ஓக் இனம். எங்கிருந்தும் கொண்டுவரப்பட்டதல்ல, எஸ்டேட்டுக்காகக் காட்டை அழித்தபோது யாரோ விட்டுவைத்தது. அந்த நிமிடத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. புகையில் கண் எரிய, சிறுபிள்ளைபோல் தனியாக நின்று சிரித்தாள்.

ஜெயபாலன் சிரிக்கவில்லை. கொட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இலுப்பைன்னே எழுதிடுங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்களும் ஆள் வச்சுப் பார்ப்பாங்க. பொய் எழுத மாட்டேன், ஜெயபாலன்."

அவன் கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "அப்ப ஒண்ணும் எழுதாதீங்க. எங்க பெரியவங்க சொன்னதை நாங்க சொல்லிக்கிறோம். நீங்க சும்மா இருந்தாலே போதும்."

சும்மா இருக்கத்தான் அவளால் முடியவில்லை. இவ்வளவு பெரிய காட்டு மரம் கூலாய் பக்கத்தில் மிச்சமிருப்பதே அபூர்வம். அதைச் சொன்னால் மரத்தை வெட்ட விடமாட்டார்கள், மரம் நின்றால் கோயிலும் நிற்கும் என்று கணக்குப் போட்டாள். யாரிடமும் கேட்காமல் நில அலுவலகத்துக்கு அழகான மலாயில் எழுதினாள். இது இந்த மண்ணின் மரம், காடாக இருந்த காலத்தின் மிச்சம், யாரும் நட்டதல்ல, காப்பாற்றுங்கள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

நில அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்த அன்று அவளும் போயிருந்தாள், கடைசி வரிசையில் செல்லத்தின் பக்கத்தில். ஜெயபாலன் எழுந்து பாட்டன் கதையைச் சொன்னான். சொல்லி முடித்ததும் கம்பெனியின் வக்கீல், ஓர் இளம்பெண், அலுவலகக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நிதானமாக வாசித்தாள். யாரும் நட்டதல்ல என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். எழுதியவர் உங்கள் சமூகத்து ஆசிரியைதான் என்று சொல்லிப் பெயரையும் படித்தாள். மரத்தைப் பற்றிச் சொன்னதே சரியில்லையென்றால் கோயிலைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஜெயபாலன் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லம்தான் பார்த்தாள். "நீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

மரம் பிழைத்தது. கம்பெனி அதைச் சுற்றிப் பச்சைக் கம்பிவேலி போட்டு, பெஞ்சுகள் வைத்து, பெயர்ப்பலகையும் நட்டது. பலகையில் பெயர் சரியாகத்தான் இருந்தது. முனியாண்டியைக் கிடங்குகளுக்குப் பின்னால், மழைநீர் தேங்கும் குளத்தின் கரைக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள்.

சந்தையில் ஒருநாள் மீன்கடை வாசலில் ஜெயபாலன் எதிர்ப்பட்டான். ஒதுங்கிப் போகப் பார்த்தவன், என்ன நினைத்தானோ, நின்றான்.

"எங்க பாட்டன் காலத்துல உங்க சிலோன் ஆளுங்கதான் எஸ்டேட்டுல கணக்கெழுதற கிராணியா இருந்தாங்க, டீச்சர். கூலிப் பட்டியல்ல பேர் போடறது, பேர் அடிக்கிறது எல்லாம் அவங்க கையிலதான். இப்பவும் நீங்கதான் எழுதுனீங்க."

"காப்பாத்தத்தான் ஜெயபாலன், நான்..."

"காப்பாத்திட்டீங்க லா. மரத்தை." அவன் மீன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் இதைச் சொன்னபோது குகநாதன், "நீர் எழுதினதில பிழை ஒண்டும் இல்லையே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மனம் கேட்காமல் புதிய இடத்துக்குப் போனாள். நர்சரியில் ஒரு வேப்பங்கன்று வாங்கிக் காரில் வைத்திருந்தாள். கிடங்குச் சுவரின் சூடு முகத்தில் அடித்தது. நிழல் என்று ஒரு பொட்டு இல்லை. செல்லம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தரை கழுவக் கழுவக் காய்ந்தது.

"வாங்க டீச்சர்" என்றாள். திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டினாள்.

கமலாம்பிகை பூசிக்கொண்டு, "கன்னு ஒண்ணு கொண்டாந்தேன், செல்லம். வேம்பு. இங்க ஓரமா வச்சா சாமிக்கு நிழலாகும்" என்றாள்.

"வைக்கக் கூடாது, டீச்சர். அடியில பைப் போவுதாம். கம்பெனியில கையெழுத்து வாங்கிட்டாங்க." செல்லம் வாளியைத் தூக்கினாள். "பூந்தொட்டிகூட வேணாம்னுட்டாங்க."

"நான் வேணும்னா அவங்ககிட்ட எழுதிக் கேட்கட்டுமா?"

செல்லம் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம் டீச்சர். நீங்க எழுதாதீங்க."

கமலாம்பிகை கன்றைக் காரின் பின்சீட்டில் சாய்ந்துவிடாமல் வைத்து, சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். ஏசியைப் போடவும் தோன்றாமல், கதவைச் சாத்திக்கொண்டு அந்த வெக்கையில் உட்கார்ந்திருந்தாள்.