அமாவாசைக்கு அமாவாசை திறந்த பெட்டி

மேட்டுப்பாளையம் ரோட்டோரமாகப் நீலகிரி மலையிலிருந்து வரும் பைக்காரா கரண்டுக்குக் கம்பம் நட்டார்களே, அந்த வருஷம்தான். வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடம் போனவனில்லை. கம்பத்தை மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. முதல் கம்பி இழுத்த அன்று ஊரே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. கம்பிக்குள் ஓட்டை இருக்கும், அதில்தான் கரண்ட் ஓடும் என்று என் அம்மா சொன்னாள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கரண்ட் வந்ததும் கொஞ்சம் வசதியான தோட்டத்துக்காரர்கள் மோட்டார் வைக்க ஆசைப்பட்டார்கள். மோட்டார் வைத்தால் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வேண்டுமென்றால் கிணற்றை ஆழப்படுத்த வேண்டும். எங்களுக்கிருந்தது மழையை நம்பிய சின்னப் புன்செய்க் காடு. அதனால் நான் கிணற்று வேலைக்குப் போனேன். பாறையில் உளியால் துளை போட்டு, வெடி கெட்டித்து, திரியில் நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவிட வேண்டும். வெடித்த பிறகு இறங்கிக் கல்லை அள்ள வேண்டும். ஏறி ஓடுவதில் பயமில்லை. திரும்ப இறங்குவதில்தான் ஆபத்து. எந்தக் கல் எப்போது நழுவும் என்று அதற்கே தெரியாது.

என் மனைவியின் அண்ணன் அப்படித்தான் போனான். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. அவனும் நானும் ஒரே கிணற்றில் வேலை செய்தோம். தொடையில் கல் விழுந்து ரத்தம் ஓடியது. நாங்கள் செய்ததை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. புகையிலையும் மண்ணும் வைத்து அப்பினோம், கயிற்றால் கட்டினோம், ரத்தம் நின்றதா நின்றதா என்று ஆளுக்கொரு தடவை பிரித்துப் பார்த்தோம். கோயமுத்தூர் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

என் மனைவி என்னை வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போகாமல் சாப்பிட முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் காது வலி என்று பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனவள், காதைக் காட்டிவிட்டு அங்கிருந்த கம்பவுண்டரிடம், என்ன செய்திருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பான் என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷர் நல்லவர். சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடி, நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வை, எடுத்து மட்டும் பார்க்காதே என்று சொல்லி, புண்ணில் போட ஒரு குப்பி டிஞ்சரும் ஒரு பொட்டலம் போரிக் பவுடரும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. மூடியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரச்சி படம். என் அம்மாவுக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே ஆகாது, பல்லைக் காட்டுகிறாளாம். உள்ளே என் பழைய பச்சைக்கரை வேட்டியைக் கிழித்து, வேகவைத்து, வெயிலில் காயப்போட்டுச் சுருட்டிய ஆறு சுருள், வெந்நீரில் அலசிக் காயவைத்த பஞ்சு, டிஞ்சர், பவுடர், எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட இரண்டு மூங்கில் தப்பை. தினமும் கிணற்றடிக்குக் கொண்டுபோவேன். கூட வேலை செய்தவர்கள் என்னை டாக்டரே என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

அமாவாசை அன்று எங்கள் பக்கம் ஏர் பூட்டமாட்டார்கள், கிணற்று வேலையும் கிடையாது. அன்றுதான் பெட்டியைத் திறந்து பார்ப்பது. ஆசாரத்தில், அதுதான் வீட்டின் முன்பக்கக் கூடத்தில், பாய் விரித்து என் மனைவி எல்லாவற்றையும் பரப்புவாள். ஒவ்வொரு சுருளையும் பிரித்து மோந்து பார்ப்பாள். ஈர வாடை வந்தால் மறுபடி வேகவைக்கப் போய்விடும். குப்பியில் மருந்து எவ்வளவு இருந்தது என்று நூல் கட்டி அடையாளம் வைத்திருப்பாள். கடைசியாகத் தன் கையை நீட்டி, அழுத்திப் பிடியுங்கள் என்பாள். நூறு எண்ணும் வரைக்கும் நான் பிடித்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவே மாட்டோம். இதில் பட்டப்பகலில் கையைப் பிடிப்பதென்றால்! என் அம்மா அடுப்படியிலிருந்து, “எண்ணி முடிஞ்சுதுங்களா, சோறு ஆறிப்போகுதுங்க” என்று எங்களுக்கு மரியாதை போட்டுக் குத்திக்காட்டுவாள். மனைவியின் எண்ணிக்கை நூறு முடிந்தும் சில தடவை நூற்றுப்பத்து வரை போனதை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

ஆடி மாசம். நாங்கள் கிணறு வெட்டிய தோட்டத்துக்காரருடைய வண்டி மாடு மரத்தில் முட்டிக் கொம்பை உடைத்துக்கொண்டது. “ஏனுங்க, உங்க பொட்டில மருந்து இருக்குமுங்களா?” என்று வந்து நின்றார். அவ்வளவு பெரிய மனுஷர் நமக்கு ‘ங்க’ போட்டுக் கேட்கும்போது எப்படி மறுப்பது? இருந்த டிஞ்சரைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றி, ஆறு சுருளில் ஐந்தையும் கொடுத்துவிட்டேன். அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்தான், அன்றைக்கு நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆனால் அது ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பேரூர் போகவேண்டும் என்று அம்மா முந்தின நாளே கிளப்பிவிட்டாள். வண்டியில் மூட்டை வைக்கும்போது மனைவி, இந்தத் தடவை பெட்டி பார்க்கவில்லையே என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“நான் பாத்துட்டேன் அம்மணி. எல்லாம் இருக்குது” என்றேன்.

அவள் அடுத்த மூட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பேரூரிலிருந்து வந்த மூன்றாம் நாள், கல் அள்ளும்போது மேலிருந்த ஒரு பாறைப் பாளம் நழுவி என் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது. கூடை கட்டி மேலே தூக்கினார்கள். அவள் அப்போதுதான் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். ஒருவன் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அதுவரை அந்த ஆண்கள் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

“கயிறு வேண்டாமுங்க. வண்டி பூட்டுங்க.”

பெட்டியைத் திறந்தாள். ஒரு சுருள் கிடந்தது. காலிக் குப்பி உருண்டது. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்த ஒரு சுருளை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். நனைந்ததும் தோட்டத்துக்காரர் தன் தோளிலிருந்த துவைத்த துண்டை எடுத்துக் கொடுத்தார், அதையும் மேலேயே வைத்து அழுத்தினாள். அவரே வண்டி ஓட்டினார். அவருடைய வண்டி, அதே மாடு. படுத்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் கொம்பில் என் பச்சைக்கரை வேட்டி தெரிந்தது. பெரியநாயக்கன்பாளையம் போய்ச் சேரும் வரைக்கும் தெரிந்தது. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

“கண்ணு, தூங்கிப்போடாதீங்க” என்றாள். தோட்டத்துக்காரர் காதில் விழும்படிதான் சொன்னாள்.

கம்பவுண்டர் தையல் போட்டார். வழியில் கையை எடுத்திருந்தால் இவரைப் பிணமாகத்தான் திருப்பிக் கொண்டுபோயிருப்பீர்கள் என்றார். அவள் விரல்கள் மரத்துப்போய் மடங்கவில்லை. அவர் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொடுத்தார். நான் படுத்தபடியே அவள் கையை அதில் பிடித்துவைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டேன். தோட்டத்துக்காரர் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்த அமாவாசைக்கு நான் கட்டிலில். அவள் புதுக் குப்பியும் புதுத் துணியும் பெட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இருந்தால் இருக்கட்டும் என்று நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மாட்டுக்குக் கொடுத்ததையும் பொய் சொன்னதையும்.

“தெரியுமுங்க” என்றாள் மனைவி. “பேரூர் போறப்ப தோட்டத்துக்காரர் களத்துல மாடு நின்னுச்சு. கொம்புல நம்ம ஊட்டுத் துணி. பச்சைக்கரை எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்பவே கேக்கறதுதானே?”

“அத்தை இருந்தாங்க. நீங்க இருக்குதுன்னு சொன்ன பொறகு, இல்லைன்னு நான் எப்படிங்க சொல்றது? வந்து கேட்டுக்கலாமுன்னு இருந்தேன். வந்தும் வாய் வரலீங்க.” சொல்லிக்கொண்டே புதுத் துணியைக் கிழிக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு மாசமும் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்றே நினைத்திருக்கிறாள். நானோ என்னால் என்று நினைத்துப் படுத்துக் கிடந்தேன்.

அம்மா உலக்கையை நிறுத்தினாள். “கேட்டிருந்தா நான் என்ன, கடிச்சா போட்டிருப்பேன்? எனக்குப் பல்லா இருக்குது?” என்றாள். மறுபடி இரண்டு இடி இடித்துவிட்டு, “என்ற பையன் பொய் சொன்னா எம் முன்னாலயே கேளு அம்மணி. நானும் கேக்கறேன்” என்றாள்.

கேட்டார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கால் ஆறி மறுபடி கிணற்று வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. ஊர் மணியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த அமாவாசை அன்றுகூட அவர் எதிரிலேயே குப்பியை எடுத்துக் காட்டச் சொன்னாள் என் மனைவி. அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ இந்த மாதிரி பெட்டி வைத்திருப்பார்கள். பார்த்தாயிற்று, எல்லாம் இருக்கிறது என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், திறந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எனக்கு எழுத வராது. நீங்கள்தான் இதை நாலு பேருக்குச் சொல்லவேண்டும், அதிலும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள்.